ஒட்டியவரே எடுக்க வேண்டும்

செக்கிங் டேபிளுக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கைகளே, உங்கள் கையில் நூல் வெட்டும் டிரிம்மர் ஒன்றையும், சிவப்பு அம்பு அச்சடித்த ஸ்டிக்கர் சுருள் ஒன்றையும் இந்நேரம் கொடுத்திருப்பார்கள். பனியனில் எங்கே குறை இருக்கிறதோ அங்கே அம்பின் முனை படும்படி ஒட்டு, தைத்தவர் சரிசெய்து திருப்பி அனுப்பியதும் இன்னொரு முறை பார்த்துவிட்டு அம்பை எடு என்று சொல்லியிருப்பார்கள். வேலை அவ்வளவுதான். சுமாரான கண்ணும் பொறுமையும் இருந்தால் சீக்கிரம் கற்றுக்கொண்டுவிடுவீர்கள். அதைச் சொல்ல நான் வேண்டியதில்லை.

நான் சொல்ல வந்தது சந்தேகத்தைப் பற்றி. நமக்குச் சம்பளமே அதற்குத்தான். என் வேலைக்காலம் முழுக்க நன்றாக இருக்கும் பொருளை நம்பாமல் பார்த்தே பிழைத்தவள் நான். அது வீடு வரைக்கும் வந்துவிட்டது. என் வீட்டுக்காரர் குழம்பு நன்றாக இருக்கிறது என்றால், எதை உடைத்துவிட்டு வந்து நிற்கிறார் என்று சமையலறையைச் சுற்றிப் பார்ப்பேன். மகனுக்குப் பெண் பார்க்கப் போன இடத்தில், அந்தப் பெண்ணின் முந்தானை ஓரத்தைப் புரட்டித் தையலைப் பார்த்துவிட்டேன். சம்பந்தி வீட்டார் முகம் சுருங்கிப் போனது. நல்லவேளை, அந்தப் பெண் சிரித்துவிட்டாள். இன்றைக்கு அவள்தான் என் மருமகள்.

சந்தேகப்படுவதிலும் ஒரு முறை உண்டு என்று எனக்கு முதலில் காட்டியவர், எங்களிடம் சரக்கு வாங்கும் பையர் சார்பில் சோதனைக்கு வந்துபோன ஓர் இலங்கைக்காரர். பெயர் வேண்டாம். நாங்கள் அட்டைப் பெட்டிகளை அடுக்கி வைத்து, ஜூஸும் பிஸ்கட்டும் நீட்டிவிட்டு, எந்தப் பெட்டியில் கை வைக்கப் போகிறாரோ என்று பயந்துகொண்டு நிற்போம். அவர் பெட்டிகளைப் பார்க்க மாட்டார், எங்கள் முகங்களைப் பார்ப்பார். நாங்கள் பயந்து பயந்து பார்க்கும் பெட்டியை விட்டுவிடுவார். நாங்கள் யாரும் திரும்பிக்கூடப் பார்க்காத பெட்டியைத் திறப்பார். பயமுள்ள பெட்டியை நீங்களே பலமுறை பிரித்துப் பார்த்திருப்பீர்கள், நினைப்பே வராத பெட்டியை யாரும் பார்த்திருக்க மாட்டீர்கள் என்று ஒருநாள் காரணம் சொன்னார். அன்றைக்கு அந்தப் பெட்டிக்குள் எண்ணெய்க் கறை இருந்தது. எனக்கு அந்த ஆள் மேல் எரிச்சல் எரிச்சலாக வந்தது.

அவர் சொன்னது பெட்டிகளுக்கு மட்டும் என்றுதான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். மனிதர்களுக்கும் அதேதான் என்று புரிந்தது கதிர்வேல் என்கிற ஒருவனால். இரண்டாயிரத்துக்குப் பிந்தைய வருஷங்கள் அவை. அப்போது நான் முதலிபாளையம் தொழிற்பேட்டையை ஒட்டிய ஒரு கம்பெனியில் தரத்துக்குப் பொறுப்பாக இருந்தேன்.

கதிருக்கு அப்போது இருபத்துமூன்று வயது. தறி ஓட்டிய குடும்பம். அப்பா காலமான பிறகு அம்மா ஈஸ்வரி பக்கத்து யூனிட்டில் லேபிள் தைத்துக்கொண்டிருந்தார். எங்கள் முதலாளிக்கும் அவர்களுக்கும் ஒரே கோயில் என்பதால், மகனை அழைத்துக்கொண்டு வேலை கேட்டு வந்தார். "ஆட்டிசம்னு கோயமுத்தூர் டாக்டரு சொன்னாருங்க. பேச்சு கொஞ்சம் கொறச்சலுங்க. கை வேலை சுத்தமாச் செய்வானுங்க" என்றார். அந்தச் சொல்லை நாங்கள் அதுவரை கேட்டதில்லை. மேனேஜர் அதைத் தொற்று நோய் என்று சந்தேகப்பட்டு நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டது எனக்கு நினைவிருக்கிறது.

கதிர் முகத்தைப் பார்த்துப் பேச மாட்டான். கம்ப்ரசர் சத்தம் பொறுக்காது என்று காதில் பஞ்சு வைத்துக்கொள்வான். ஜன்னலோரத்தில் அவனுக்கென்று ஒரு ஸ்டூல். அதை யாராவது நகர்த்தி வைத்துவிட்டால் அன்றைக்கு முழுக்க வேலை ஓடாது. மற்றபடி பீஸை விரிக்கிற விதமே அழகாக இருக்கும். அவன் பார்த்து அனுப்பியதை நான் மறுபடி பிரிப்பதில்லை. என் வாயால் இப்படிச் சொல்வது எவ்வளவு பெரிய விஷயம் என்று என்னோடு வேலை பார்த்தவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

அவன் பேச்சைப் பற்றியும் சொல்ல வேண்டும். டீ நேரத்தில் வடையை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடிப்பான். ஓட்டை நடுவில் இல்லாவிட்டால், "சென்டர் அவுட்" என்று ரிஜெக்ட் தட்டில் கொண்டுபோய் வைத்துவிடுவான். கரண்ட் போய் ஹால் முழுக்க இருண்டால், துணியின் நிறம் மாறினால் சொல்வது போல, மூலையிலிருந்து அவன் குரல் வரும்: "ஷேடு மாறிப் போச்சுங்க." சொல்லிவிட்டு டிரிம்மரை டேபிளில் இரண்டு தட்டுத் தட்டுவான். முகத்தில் ஒரு அசைவும் இருக்காது. பாவம், வடையையும் பீஸ் என்று நினைத்துக்கொள்கிறான் என்று பெண்கள் உச்சுக் கொட்டுவார்கள். அந்த இரண்டு தட்டையும் காதுப் பஞ்சு மாதிரி அவனுடைய பழக்கங்களில் ஒன்றாக நாங்கள் எடுத்துக்கொண்டோம்.

என் டேபிளில் கண்டிப்பான விதி ஒன்று இருந்தது. அம்பை யார் ஒட்டினாரோ அவரேதான் எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் சரிசெய்யாத பீஸிலிருந்தும் யாராவது அம்பைப் பிய்த்துப் போட்டுவிட்டுப் பெட்டிக்கு அனுப்பிவிடுவார்கள். நான் அந்தப் பக்கம் திரும்பினால் பெண்கள் இந்த விதியை மறந்துவிடுவார்கள். கதிர் ஒருநாளும் மறந்ததில்லை. அடுத்தவர் ஒட்டிய அம்பை அவன் விரல் தொடாது, அவன் அம்பை அடுத்தவர் தொட்டால் விட மாட்டான்.

இப்படி இருக்கும்போதுதான் பனியனில் ஒட்ட வேண்டிய அம்புகள் வேறு இடங்களில் முளைக்க ஆரம்பித்தன.

முதலில் சொட்டிக்கொண்டே இருந்த தண்ணீர்க் குழாயில் ஒரு அம்பு. பிறகு எப்போதும் பின்தங்கியே ஓடும் சுவர்க் கடிகாரத்தின் கண்ணாடியில் ஒன்று. கேன்டீன் சாம்பார் வாளியில் ஒன்று. அந்த சாம்பாரைப் பற்றி அம்பு சொன்னது நியாயம்தான். ஹாலில் சிரிப்பாக இருந்தது. மேனேஜரின் பிளாஸ்டிக் நாற்காலிக் காலில் இருந்த விரிசலுக்கு ஒன்று வந்தபோதும் சிரித்தார்கள், கொஞ்சம் வாயைப் பொத்திக்கொண்டு. அதற்கடுத்த அம்பு மேனேஜரின் காலரிலேயே இருந்தது. எங்கள் கம்பெனி சட்டைதான், காலருக்குப் பின்னால் தையல் விட்டிருந்தது. காலையிலிருந்து அதோடு ஹாலைச் சுற்றிவிட்டு, பையர் அம்மாவோடு கூட்டத்திலும் போய் உட்கார்ந்திருக்கிறார். அந்த அம்மா வெள்ளைக்காரி. எழுந்து வந்து அம்பைக் காட்டிச் சிரித்துவிட்டார்.

அதோடு சிரிப்பு நின்றது. கம்பெனியை அசிங்கப்படுத்த எவனோ ஆள் அனுப்பியிருக்கிறான் என்று மேனேஜர் முடிவு கட்டினார். அந்த நேரம் பார்த்து எங்கள் சாம்பிள் டிசைன் ஒன்று அனுப்பர்பாளையத்தில் வேறு யாரிடமோ இருப்பதாகப் பேச்சு அடிபட்டது. இரண்டையும் முடிச்சுப் போட்டுவிட்டார். கேட்டில் சோற்றுத் தூக்கைத் திறந்து பார்த்தார்கள். ஸ்டிக்கர் சுருளுக்கு என்னிடம் கையெழுத்து வாங்கினார்கள். பாத்ரூமுக்குப் போனவர் ஏன் இவ்வளவு நேரம் என்று பக்கத்து டேபிள்காரர் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். தெற்கத்திக்காரர்கள் வந்ததிலிருந்துதான் இப்படி என்று உள்ளூர்க்காரர்களும், உள்ளூர்க்காரர்கள் போட்டுக் கொடுக்கிறார்கள் என்று தெற்கத்திக்காரர்களும் முணுமுணுத்தார்கள். நான் மட்டும் யோக்கியமா? என் பெண்கள் நகத்தில் பசை ஒட்டியிருக்கிறதா என்று சாப்பாட்டு நேரத்தில் பார்த்தேன். வாட்ச்மேன் இருமினால்கூட யாருக்கோ சிக்னல் கொடுக்கிறான் என்று தோன்றியது.

மேனேஜர் தன் அறையில் உட்கார்ந்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டு விசாரித்தார். தையல்காரர், செக்கிங் பெண்கள், அயர்ன் மாஸ்டர், கூட்டுகிற அம்மா, நான் என்று ஒருவர் பாக்கியில்லை. அந்த வாரம் கதிர் தினமும் இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டையில் வந்தான். மேல் பொத்தான் வரைக்கும் போட்டிருந்தான். வீட்டில் ஏதோ விசேஷம் போல என்று நான் நினைத்துக்கொண்டேன்.

இந்த நிலைமையில் ஒரு சனிக்கிழமை காலை, முதலாளி அறையில் மாட்டியிருந்த அவருடைய அப்பாவின் படத்தில் அம்பு இருந்தது. சந்தன மாலை போட்டு, காலையில் வந்ததும் முதலாளி தொட்டுக் கும்பிடும் படம். அவர் சத்தம் போட்டுப் பேசுகிறவர் அல்ல. அம்பைப் பிய்த்து எறிந்துவிட்டு, "இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள யாருன்னு தெரியோணும்" என்றார்.

மேனேஜருக்கு அது முன்பே தெரியும். பேக்கிங்கில் இருந்த எஸ்தர்தான் என்றார். எஸ்தர் தூத்துக்குடிப் பக்கத்துக்காரி. புருஷன் இல்லை. பள்ளிக்கூடம் போகும் மகளோடு கம்பெனி பிடித்துக் கொடுத்த லைன் வீட்டில் இருந்தாள். ஹாலில் எல்லோரையும் விட உரக்கச் சிரிக்கிறவள். மேனேஜர் நடப்பது போல நடந்து காட்டி எல்லோரையும் சிரிக்க வைக்கிறவளும் அவள்தான். அது போதாதா? "அதுவுமில்லாம அவங்க சர்ச்சுக்குப் போறவங்க சார். நம்ம பெரியவர் படம்னா அவங்களுக்கு என்ன மதிப்பிருக்கும்?" என்று ஒரு வார்த்தையைச் சேர்த்தார். எனக்குக் காது எரிந்தது. எஸ்தரிடம் கணக்கை முடித்துக்கொண்டு, அடுத்த வாரக் கடைசிக்குள் லைன் வீட்டையும் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். பள்ளிக்கூடத்தில் பாதி வருஷம்கூட முடியவில்லை.

அவள் நேராக என்னிடம் வந்தாள். "யக்கா, நான் ஒட்டியிருந்தா நான்தான்னு சொல்லிட்டு ஒட்டியிருப்பேன். ஒளிஞ்சு செய்யதுக்கு எனக்கென்ன பயம்? நான் சிரிச்சேன், அது நெசம். சிரிச்சதுக்கா வேலைய விட்டு அனுப்புதாவ?" என்றாள். எப்போதும் சிரிக்கிற முகம் கல்லாக இருந்தது. அவள் செய்யவில்லை என்று தோன்றியது. ஆனால் தோன்றுவதை வைத்து ஒரு பீஸைக்கூட நான் பாஸ் பண்ணியதில்லை.

முகத்தைக் கழுவலாம் என்று குழாயடிக்குப் போனேன். குழாய் சொட்டவில்லை. முந்தின நாள்தான் வாஷர் மாற்றியிருந்தார்கள். கையை நீட்டியவள் அப்படியே நின்றேன். குழாயில் ஒட்டியிருந்த அம்பைக் காணோம். ஈரத்தில் விழுந்திருக்கும் என்று முதலில் நினைத்தேன். சந்தேகம் விடவில்லை. ஹாலுக்கு ஓடிப்போய்க் கடிகாரத்தைப் பார்த்தேன். புது பேட்டரி போட்டுச் சரியாக ஓடிக்கொண்டிருந்தது. அதிலும் அம்பு இல்லை. மேனேஜரின் நாற்காலிக் கால் மட்டும் அப்படியே விரிசலோடு இருந்தது. அதில் அம்பும் இருந்தது.

கூட்டுகிற அம்மாவைப் பிடித்துக் கேட்டேன். "நா எதுக்குங்க எடுக்கறன்? சாட்சிக்கு வேணும், ஒண்ணையும் தொடக்கூடாதுன்னு மேனேஜர் சொல்லியிருக்கறாருங்க" என்றார்.

யோசித்துப் பாருங்கள். கம்பெனியைக் கெடுக்க வந்தவன் ஒட்டிவிட்டுப் போவான். குறும்புக்காரனும் ஒட்டிவிட்டுப் போவான். சரிசெய்தார்களா என்று திரும்ப வந்து பார்த்து, கடிகாரம் வரைக்கும் கையை நீட்டி, தான் ஒட்டியதைத் தானே எடுக்கிறவன் யார்? அது என் டேபிளின் விதி. அந்த விதியை ஒழுங்காகக் கடைப்பிடிக்கிறவன் ஒருவன்தான் உண்டு. விசாரணைக்குக் கூப்பிடாத ஒரே ஆளும் அவன்தான் என்று அப்போதுதான் உறைத்தது. இலங்கைக்காரர் திறக்கும் பெட்டி என் ஜன்னலோரத்திலேயே உட்கார்ந்திருந்தது.

இந்த இடத்தில் கொஞ்சம் கவனியுங்கள். நேராக கதிரிடம் போய்க் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. தனியாகப் பேசினால், நான் சொல்லிக் கொடுத்து ஒப்புக்கொள்ள வைத்தேன் என்பார்கள். அன்றைக்கு அந்தக் கட்டடத்தில் யாரும் யாரையும் நம்புகிற நிலையில் இல்லை. அதனால் அவன் பக்கம் திரும்பாமலே முதலாளி அறைக்குப் போனேன்.

"எஸ்தர் இல்லீங்க. கதிருங்க" என்றேன்.

முதலாளி என்னைப் பார்த்த பார்வை இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது. "ஏனுங்கம்மா, உங்களுக்கு மனசுன்னு ஒண்ணு இருக்குதுங்களா? அந்தக் கொழந்தை மேல போய்ப் பழி போடறீங்க?"

"கொழந்தை இல்லீங்க. இருபத்திமூணு வயசு. தெனமும் ஷேவ் பண்ணீட்டு வர்றானுங்க."

மேனேஜர் சிரித்தார். "இந்த மேடத்துக்கு எஸ்தர் மீன் கொழம்பு கொண்டாந்து குடுக்குது சார். அதான்." மீன் குழம்பு உண்மைதான், ருசியான குழம்பு. இருந்தாலும் அதைச் சொன்ன வாயை நான் மறக்கவில்லை.

ஈஸ்வரியம்மாவுக்கு ஆள் போனது. தைத்துக்கொண்டிருந்த நூல் துணுக்கு சேலையில் ஒட்டியிருக்க ஓடி வந்தார். விஷயத்தைக் கேட்டதும் முதலாளியைப் பார்த்துக் கை கூப்பினார். "சாமி, அவனுக்குச் சூதுவாது தெரியாதுங்க. வெளையாடக்கூட வராதுங்க. இந்த வேலையும் போச்சுன்னா அவன நான் எங்கீங்க கூட்டீட்டுப் போவேன்?" பிறகு என் பக்கம் திரும்பினார். "நீங்களா அக்கா இப்படி?" என்று மட்டும் கேட்டார். கதவுக்கு வெளியே எஸ்தர் நின்றுகொண்டிருக்காவிட்டால், நான் சொன்னதை அப்படியே விழுங்கியிருப்பேன்.

கதிரைக் கூப்பிட்டார்கள். அவன் ஸ்டூலையும் தூக்கிக்கொண்டு வந்தான். சுவரோரமாகப் போட்டு உட்கார்ந்தான். மேல் பொத்தான் போட்ட இஸ்திரிச் சட்டை, கையில் டிரிம்மர்.

"கண்ணு, அந்த ஆரோ ஸ்டிக்கர் எல்லாம் நீயா ஒட்டுன?" என்று முதலாளி மெதுவாகக் கேட்டார்.

"ஆமாங்க."

ஈஸ்வரியம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டார். மேனேஜர் கையை விரித்தார். "எதைக் கேட்டாலும் ஆமான்னுதான் சொல்லுவான் சார். இப்பப் பாருங்க. ஏம்ப்பா கதிரு, இந்த பில்டிங்கக் கட்டுனதே நீதானே?"

கதிர் தலையைத் திருப்பிச் சுவரை மேலிருந்து கீழ்வரை பார்த்தான்.

"இல்லீங்க. நான் கட்டியிருந்தா செவுரு நேரா இருந்திருக்குமுங்க."

சொல்லிவிட்டு டிரிம்மரால் ஸ்டூல் விளிம்பில் இரண்டு தட்டுத் தட்டினான்.

அந்தக் கட்டடத்தைக் கூட இருந்து பார்த்துப் பார்த்துக் கட்டியவர் மேனேஜர்தான். சுவர் நடுவில் தொப்பை போட்டிருப்பது எல்லோருக்கும் தெரியும், யாரும் வாயைத் திறந்ததில்லை. முதலாளியின் தோள் முதலில் குலுங்கியது. பிறகு சத்தமாகவே சிரித்துவிட்டார். சிரித்துக்கொண்டிருந்தவர் சட்டென்று நிறுத்தி, கதிரை முதல்முறை பார்ப்பது போலப் பார்த்தார்.

"அப்ப எங்கப்பாரு படத்துல எதுக்குடா கண்ணு ஒட்டுன?"

"பெரியவருக்கு ஒட்டலீங்க. பிரேமுக்கு ஒட்டுனனுங்க. ஒரு பக்கம் சாஞ்சிருக்குது. பெரியவரு பாஸ்."

முதலாளி எழுந்து போய்ப் படத்தைப் பார்த்தார். ஆணி இறங்கி, படம் இடதுபக்கம் சரிந்துதான் இருந்தது. தினமும் கும்பிடுகிறவர் அதைக் கவனிக்கவில்லை. இரண்டு கையாலும் நேராக்கினார். கதிர் எழுந்து நின்று, தள்ளிப் போய், படத்தையும் பார்த்தான், தரையில் கிடந்த அம்பையும் பார்த்தான். "அம்பை நீங்க எடுத்திருக்கக் கூடாதுங்க. ஒட்டுனவங்கதான் எடுக்கோணும். மேடம் ரூலுங்க" என்றான். எனக்கு அந்த நிமிஷம் அவனைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது. தொட்டால் துள்ளிவிடுவான் என்று சும்மா இருந்தேன்.

ஈஸ்வரியம்மா அழுதுகொண்டிருந்தார், ஆனால் அது வேறு அழுகை. "இவன் எங்கிட்ட ஒருநாளும் இப்படி வெளையாட்டாப் பேசுனதே இல்லீங்களே" என்றார்.

கதிர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: "பேசியிருக்கறேன். நீ சிரிக்கல."

அந்த அம்மா அப்படியே உட்கார்ந்துவிட்டார். சின்ன வயதில் அவருடைய ஒட்டுப் பொட்டுகளையெல்லாம் எடுத்து வீடெங்கும் ஒட்டி வைப்பானாம். ஓட்டைக் குடத்தில் ஒன்று, ஒழுகுகிற கூரைக்குக் கீழே தரையில் ஒன்று, குறட்டை விட்டுத் தூங்கும் அப்பாவின் மூக்கில் ஒன்று. "என்னமோ ஆயிப்போச்சுன்னு சென்னிமலைக்குக் கூட்டீட்டுப் போயி முடி எறக்குனனுங்க. டாக்டருகிட்டயும் இத ஒரு கோளாறாத்தானுங்க சொன்னேன்" என்று தலையில் அடித்துக்கொண்டார். அழுகைக்கு நடுவே, புருஷனின் மூக்கை நினைத்திருப்பார் போல, அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கதிர் திரும்பி அம்மாவின் முகத்தை நேராகப் பார்த்தான். அவன் ஒருவர் முகத்தை அப்படிப் பார்த்து நான் கண்டது அன்றைக்குத்தான்.

"மொதல்லயே நான்தான்னு சொல்லியிருக்கலாமல்ல கண்ணு?" என்றார் முதலாளி.

"எல்லாத்தையும் ரூமுக்குக் கூப்பிட்டுக் கேட்டாருங்க. என்னைய மட்டும் கூப்பிடலீங்க. தெனமும் நல்ல சட்டை போட்டுட்டு வந்தனுங்க."

மேனேஜர் முதலாளியின் மேசைக் கண்ணாடியைத் துடைத்தார்.

முதலாளிக்கு மனம் இளகிவிட்டது. சரி, குழந்தை விளையாட்டு, போகட்டும் என்றார். அங்கேதான் நான் குறுக்கே நின்றேன். எஸ்தர் செய்தால் வேலையை விட்டு அனுப்புவீர்கள், கதிர் செய்தால் விளையாட்டா என்று கேட்டேன். எல்லோருக்கும் என்ன முறையோ அதுவே இவனுக்கும் வேண்டும், மெமோ கொடுங்கள், ஒருநாள் வேலையிலிருந்து நிறுத்துங்கள், அதுவே யார் ஒட்டியிருந்தாலும் தண்டனையாக இருக்கட்டும் என்றேன். கல் நெஞ்சுக்காரி என்று நினைத்திருப்பார்கள், நினைக்கட்டும். ஈஸ்வரியம்மா கலங்கினார். கதிர் மட்டும் மெமோவை இரண்டு கையாலும் வாங்கி ஓரம் நேராக வெட்டியிருக்கிறதா என்று பார்த்தான்.

வெளியே எஸ்தர் அவனைப் பிடித்துக்கொண்டாள். "ஏலே, ஒனக்கு இம்புட்டு கொழுப்பா? ஒன்னால எம்புள்ள பள்ளிக்கூடத்த விட்டுட்டு ஊரப் பாக்கப் போயிருக்கும்லா!" என்று கத்தினாள். அவனுக்கு முகம் வெளிறிவிட்டது. தன் அம்புக்காக அவளை அனுப்பப் போகிறார்கள் என்று அவனிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. "சாரிங்க. எனக்குத் தெரியாதுங்க" என்று தரையைப் பார்த்துத் திரும்பத் திரும்பச் சொன்னான். அவள் கோபம் அன்றைக்கு இறங்கவில்லை, இறங்க வேண்டும் என்றும் இல்லை. திங்கட்கிழமை பேக்கிங்கில் வந்து நின்றவள், ஒருநாள் நிறுத்தம் முடிந்து மறுநாள் அவன் வந்ததும், போகிற போக்கில் அவனிடம் கேட்டாள்: "அது சரி, காலர்ல எப்படில ஒட்டின, அந்த மனுசனுக்குத் தெரியாம?" அவன் பதிலுக்கு இரண்டு தட்டுத் தட்டினான். மேனேஜர் அவளிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. டீ வாங்கி அனுப்பினார். அவள் அதைக் குடிக்காமல் ஆறவிட்டாள்.

தம்பி தங்கைகளே, சந்தேகப்படுங்கள், நம் வேலை அது. ஆனால் உங்கள் டேபிளில் யாரைச் சந்தேகப்படவே தோன்றவில்லையோ, அவரைப் பற்றி உங்களுக்கு ஒன்றும் தெரியாது என்று எடுத்துக்கொள்ளுங்கள். நாங்கள் கதிரிடம் பிரியமாகத்தான் இருந்தோம். பாவம் பாவம் என்று சொல்லியே அவனை அறைக்கு வெளியே நிறுத்தி வைத்திருந்தோம். எஸ்தரை விரட்டப் பார்த்ததும், அவனை ஒதுக்கி வைத்ததும் ஒரே வாரத்தில் ஒரே ஆட்கள் செய்த வேலைதான்.

நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்சம் முன்னால், கேன்டீனில் ஒரு சர்க்கரை டப்பா காணாமல் போனது. மேனேஜர், அதே மேனேஜர்தான், தலையை வெளியே நீட்டி, "முதல்ல அந்தக் கதிரக் கூப்பிடுங்க" என்று கத்தினார். ஜன்னலோரத்தில் ஸ்டூல் நகரும் சத்தம் கேட்டது. கதிர் பீஸை மடித்து வைத்தான், சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டான், ஹாலில் எல்லோரும் பார்க்க, ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு நடுவழியாக நடந்து போனான். கதவு திறந்தே இருந்ததால் அவன் சொன்னது எங்கள் டேபிள் வரைக்கும் கேட்டது.

"நான் எடுக்கலீங்க. ஆனா கூப்பிட்டதுக்கு ரொம்ப நன்றிங்க."